ஹமீது நின்ற இடம்

தாராவியில் முறுக்குப் போட்டு விற்கிற பட்டி வைத்திருக்கிற வீட்டில் யாராவது இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருமல் கேட்காவிட்டால்தான், "என்ன, இன்னைக்கு அடுப்பு பத்த வைக்கலியா?" என்று விசாரிப்பார்கள். எண்ணெய் விற்கிற விலைக்குப் பாமாயில்தான் கட்டுப்படியாகும். அதையும் கறுக்கிற வரைக்கும் காய்ச்ச வேண்டும். அந்தப் புகை போவதற்கு ஒரே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர். அப்புறம் இருமாமல் பாட்டா பாடுவார்கள்?

இசக்கிப்பாண்டியின் ஒற்றை அறைக் கோலியும் அப்படித்தான். முன்பாதி பட்டி, பின்பாதி வீடு. தலைக்கு மேலே பலகை அடித்த பரண், அதாவது மாலா. மாவு மூட்டைகளும் காலி டின்களும் அங்கே கிடக்கும். எண்ணெய்ச் சட்டி முன்னால் அவன் நிற்பான். மாவு பிசைவதும் கைமுறுக்குச் சுற்றுவதும் அவன் பெண்டாட்டி கனகவள்ளி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் விரலில் மாவு நூலாக இறங்கி, சுற்றுக்குள் சுற்றாக உட்காரும். மாட்டுங்காவில் கல்யாணம் என்றால் மாமிகள், "அந்தக் கனகம் சுத்தினதுன்னா மட்டும் அனுப்பு, இல்லைன்னா வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கைக்குத்தான் ஆர்டர், பட்டிக்கு இல்லை. இது இசக்கிப்பாண்டிக்கும் தெரியும், ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த ஆடி மழையில் கனகவள்ளியின் இருமல் வேறு மாதிரி ஆனது. சாயங்காலமானால் உடம்பு கணகணத்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. பக்கத்துக் கோலி விஜயலக்ஷ்மிதான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள்.

"இது எண்ணெ இருமல் இல்லட்டி. எண்ணெ இருமல்ல பொம்பளை மெலிய மாட்டா. சளி ஆபீசுக்கு ஒரு நடை போயிட்டு வந்திரு."

"அவுககிட்ட கேக்கணும்க்கா."

"இருமுதது அவுகளா நீயா?"

இசக்கிப்பாண்டியிடம் கேட்டபோது அவன் முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "மழை முடிஞ்சா சரியாப் போவும்ளா. கணபதி பூசை ஆர்டர் கழுத்துல நிக்கி" என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் அவள் போனாள்.

*

சளி ஆபீஸ் என்று தெருவில் சொல்வது ஒரு டிரஸ்ட் நடத்துகிற காசநோய்ப் பரிசோதனைக் கூடத்தை. சந்துக்குள் ஒரு மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளம். பின்னால் தகரக் கூரை போட்ட சின்ன முற்றம், காற்று வருவதற்காக மூன்று பக்கமும் திறந்தே இருக்கும். உள்ளே மெஷின் முன்னால் நஜ்முன்னிசா. மேலப்பாளையத்துக்காரி. பத்து வருஷத்துக்கு மேலாகத் தாராவியின் சளியெல்லாம் அவள் கை வழியாகத்தான் போயிருக்கிறது.

முன்பு அந்த முற்றத்தில் ஹமீது என்று ஒருத்தன் நிற்பான். அவன் வேலையே இருமுவதைப் பார்ப்பதுதான். டப்பாவைக் கையில் கொடுத்து, காற்றடிக்கிற திசைக்கு ஒதுங்கி நின்று, "தொண்டையில இருந்து வேண்டாம் தாயி, வயித்துல இருந்து கொண்டு வா" என்று தானே குனிந்து நிமிர்ந்து செய்து காட்டுவான். வெறும் எச்சில் துப்பினால் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். பெரிய மனுஷன், சின்ன மனுஷன் கிடையாது. நல்ல சளி வந்ததும் டப்பாவை ஜன்னலுக்குக் கொண்டுபோய், துப்பினவர் பேரை அவன் உரக்கச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் நஜ்முன்னிசா டப்பாமேல் எழுதுவாள். கண்ணால் பார்த்தவன் வாயிலிருந்து வந்தால்தான் பேர். அது அவர்களுக்குள் ஒரு சட்டம். அன்றைக்கு ஒரு டப்பா, மறுநாள் காலை ஒரு டப்பா, இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் ஆளை வரச் சொல்லி மூன்றாவது.

அதெல்லாம் பணம் வந்த காலம். எங்கேயோ தூரத்தில் இருந்தவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருநாள் நிறுத்திக்கொண்டார்கள். கொடுத்தவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நிறுத்தின சேதி வந்த அன்றைக்குத் தாராவியில் ஒருத்தருக்கும் இருமல் நிற்கவில்லை, அவ்வளவுதான். முதலில் ஹமீதை வேலையை விட்டு அனுப்பினார்கள். இப்போது சயான் ஸ்டேஷன் வாசலில் ஷேர் டாக்ஸிக்கு ஆள் கூப்பிடுகிறான். அப்புறம் வீட்டுக்கு வந்து மாத்திரை தின்கிறார்களா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துப் போகிற பெண்களை அனுப்பினார்கள். ஆனால் சுவரில் டிரஸ்ட்காரர்கள் ரிப்பன் வெட்டுகிற போட்டோ மட்டும் அப்படியே இருந்தது. அதற்குச் சம்பளம் இல்லையே.

நஜ்முன்னிசா கனகவள்ளியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தனை நாளா புள்ள?"

"ஆடி பொறந்ததுல இருந்துக்கா."

"வீட்டுக்காரர் பேரு?"

கனகவள்ளி தரையைப் பார்த்தாள். கூட வந்த விஜயலக்ஷ்மிதான் சொன்னாள். நஜ்முன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது.

"பம்பாய் வந்தும் அந்தப் பழக்கம் போவலியா? பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்னு யாரு சொன்னா?"

"வந்ததில்லைக்கா வாய்ல."

"சரி, இந்தா." பேர் ஒட்டின ஒரு டப்பாவை நீட்டினாள். "காலையில எந்திரிச்சதும், பல்லு வெளக்குததுக்கு முன்னால வாயக் கொப்புளிச்சிட்டு, நல்லா இருமி எடு. மூடி இறுக்கமா இருக்கணும். ஒரே டப்பாதான். முன்ன மாதிரி ரெண்டு பாக்க, மெஷின்ல போடுத சரக்கு இப்ப இல்ல."

"இங்கனயே எடுத்துக்கிடலாமாக்கா? முன்னெல்லாம் முத்தத்துல..."

"பாத்துக்கிட ஆளு இல்லியே புள்ள. நான் அங்க வந்து நின்னா இங்க மெஷினை யாரு பாப்பா?" சொல்லிவிட்டு மெஷின் பக்கம் கையைக் காட்டினாள். "இதுக்கும் நாலு வாயி. ரெண்டு வாயி செத்துக் கெடக்கு. வருஷத்துக்கு ஒருதரம் சரிபாக்க ஆளு வரணும், வரலை. முன்ன வெளிய இருந்து எங்களையே பரீட்சை வைப்பாங்க. நோயி இருக்கதும் இல்லாததும் கலந்து அனுப்பி, சரியாச் சொல்லுதோமான்னு பாப்பாங்க. அதுவும் நின்னுபோச்சு. எழுதிப் போட்டுப் போட்டு என் கையி ஓஞ்சுபோச்சு. எனக்குக் கிடைச்ச சளியில நோயி இருக்கா இல்லியான்னு சொல்லிருவேன். ஆனா மெஷினுக்குச் சளிதான் தெரியும், ஆள் தெரியாது."

கடைசியில் சொன்னது எதற்கென்று கனகவள்ளிக்கு அன்றைக்குப் புரியவில்லை.

*

மறுநாள் காலை தண்ணீர் புழங்குகிற மோரியில் குனிந்து நின்று, வயிறு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு இருமி, டப்பாவை மூடி வைத்தாள். இசக்கிப்பாண்டி வந்து எடுத்துக்கொண்டான்.

"நான் மாவு எடுக்க அந்தப் பக்கம்தான் போறேன். நீ மழைல நனையாத."

அவன் அப்படியெல்லாம் சொல்லுகிறவன் இல்லை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதில் வந்தது. இருக்கிறது. கனகவள்ளி என்று அச்சடித்த காகிதத்தை அவன் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் பூத்துவிட்டது. தனக்காக இப்படி ஒடிந்துபோகிற புருஷனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். "பயப்படாதிய, மாத்திரைக்குக் கேக்குத நோயிதான்னு அக்கா சொல்லிருக்கா" என்று அவள்தான் அவனைத் தேற்றினாள்.

அதற்கப்புறம் எல்லாம் அவனே பார்த்துக்கொண்டான். மாலாவில் மூட்டைகளை ஒதுக்கி அவளுக்குப் பாய் விரித்தான். தட்டு தனி, டம்ளர் தனி. நான்கு வயது மகள் ஸ்ரீதேவி அம்மாவிடம் போகவேண்டும் என்று அழுதது. அதைத் தூக்கித் தன் நெஞ்சில் போட்டுத் தட்டித் தூங்க வைத்தான். முறுக்குச் சுற்ற ஆண்டாப் ஹில்லிலிருந்து கூலிக்கு இரண்டு பெண்களை வரவழைத்தான். கடைக்காரர்களிடமும் மாட்டுங்கா மாமிகளிடமும், "வீட்ல ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டான். தெருவுக்கும் அதே கதைதான். விஜயலக்ஷ்மியோ அந்தச் சமயம் மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள்.

"மாத்திரையும் நானே வாங்கியாரேன். நீ அங்க போயி வரிசைல நின்னா நாலு பேரு பாப்பான். தெனமும் கிடையாது, ஒரு நாள் வுட்டு ஒரு நாளுன்னு சொல்லிட்டாரு டாக்டர்."

அவளுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. முன்பெல்லாம் அப்படித்தானே கொடுப்பார்கள்? அவள் பெரியப்பா மகனும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தின்று பிழைத்தான்.

மாத்திரை நாளன்று காலையில் அவன் ஏணியில் பாதி ஏறி, ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீருமாக நிற்பான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. அந்த டம்ளரை அவள் இரண்டு கையாலும் வாங்குவாள். நோய் வந்தாலும் வந்தது, மனுஷன் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொள்வாள். நஜ்முன்னிசா முன்பே போனில் சொல்லியிருந்தாள்: "மூத்திரம் செவப்பா, காவிக் கலரா போவும். வேர்வை, கண்ணீர் எல்லாம் அப்படித்தான். பயப்படாத, அது மருந்து வேலை செய்யுத அடையாளம்." மருந்து தின்ற நாளில் அப்படியே இருந்தது. தின்னாத நாளில் தெளிந்துவிடும்.

மாலாவில் படுத்துக்கொண்டு கீழே முறுக்குச் சுற்றுகிற சத்தத்தைக் கேட்பாள். மாவைத் தட்டில் அடிக்கிற சத்தத்திலேயே தண்ணீர் கூடிவிட்டது தெரியும். வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவள்தான் ஊரில் இருக்கிறாளே.

*

கணபதி கழிந்து, மழை விட்டு, தீபாவளி ஆர்டர் பிடிக்கிற நேரம். கூலிப் பெண்கள் மத்தியானம் சாப்பிடப் போகும்போது அவள் இறங்கி வந்து துணி துவைப்பாள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்குத் தரை. அன்றைக்கு வாளியில் அவளுடைய வெள்ளை உள்பாடியும் அவனுடைய பனியனும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பனியனின் கழுத்திலும் அக்குளிலும் காவி படர்ந்திருந்தது.

மஞ்சள்பொடி என்று நினைத்துச் சோப்பைத் தேய்த்தாள். காராசேவுக்கு மாவு பிசைகிற வீட்டில் மஞ்சள் கறை புதிதல்ல. மஞ்சளில் சோப்பு பட்டால் குங்குமமாகச் சிவக்கும், வெயிலில் போட்டால் ஓடிப்போகும். இது சிவக்கவில்லை. அப்படியே காவியாக இருந்தது. உள்பாடியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே நிறம்.

அந்த நேரம் பார்த்துப் பின்பாதியில் பாயில் கிடந்த பிள்ளை இருமியது. சின்ன இருமல்தான். அவள் நனைந்த பனியனோடு எழுந்தாள்.

இசக்கிப்பாண்டி அரிகரண்டியை எண்ணெயில் முக்கிக்கொண்டிருந்தான்.

"இது என்னதுங்க?"

"பனியன்."

"கலரு?"

"காராசேவு போட்டோம்லா. மஞ்சப்பொடி."

"மஞ்சப்பொடின்னா சோப்புல செவந்திருக்கும்."

முறுக்கு சட்டியில் பொன்னிறம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"என் மாத்திரையத் தின்னுதியளா?"

அவன் எடுத்த முறுக்கை வடியவிட்டான். அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அழுகைதான் வந்தது. தன்னால் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தாள்.

"என்கிட்ட இருந்து ஒங்களுக்கும் வந்துட்டோ? சொன்னா நான் என்ன செய்யப்போறேன்? ரெண்டு பேருமாப் போயி ஒங்களுக்கும் மாத்திரை வாங்கியிருக்கலாம்லா?"

"ம்."

அந்த ஒரு 'ம்'மோடு அவன் தப்பித்திருப்பான். அவளும் அப்படியே விட்டிருப்பாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எப்ப டெஸ்ட் எடுத்திய?"

"எடுத்தேன்."

"எங்க? அக்காட்டயா? அக்கா எனக்குச் சொல்லலியே."

"எடுத்தாச்சுன்னா விடேன்ளா."

"டெஸ்ட் எடுக்காம யாரும் நோயி இருக்குன்னு மாத்திரை தின்பாவளா? எந்த டப்பாவுல எடுத்திய?"

இசக்கிப்பாண்டி அடுப்பைக் குறைத்தான். தீயின் சத்தம் அடங்கியதும் வீடு பெரிதாகிவிட்டது போல இருந்தது.

"ஒன் டப்பாலதான்" என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னைக்குக் காலைல நீ தந்தத சாக்கடைல கொட்டிட்டேன். டப்பாவக் கழுவிட்டு நான் துப்பினேன். ஒனக்கு இருக்குன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு, அம்புட்டு மெலிஞ்சு போயிருந்த. காகிதத்துல இருக்குன்னு வந்தா மாட்டுங்காவுல ஒரு வீட்டுல வாங்குவானா? என்னது எண்ணெ இருமல்தானே, சுத்தமான சளின்னு நெனைச்சேன். இல்லைன்னு வந்துரும், சீசன் முடியட்டும், அப்புறம் ஒன்னைய நல்ல ஆஸ்பத்திரியில காட்டலாம்னு..."

"வந்ததும் சொல்லிருக்கலாம்லா?"

"என்னன்னு சொல்ல? எனக்குன்னு சொன்னா அடுப்ப அணைக்கணும். ஒனக்குன்னு இருந்தா நீ மேல படுத்துக்கிடுவ, பட்டி ஓடும். நான் படுத்தா நாம மூணு பேரும் எதைத் திங்க?"

"அப்போ எனக்கு இருக்கா இல்லியா?"

"தெரியாது."

"டாக்டர் தெனமும்தான் திங்கச் சொன்னாரா?"

"ஆமா."

"எனக்கு ஒரு நாளு. ஒங்களுக்கு ஒரு நாளு."

அவன் தலையை ஆட்டினான். "முழுசையும் நானே தின்னிருக்கலாம்ளா. தின்னலியே. ஒனக்கும் பாதி தந்தேன்லா" என்றான். அவன் மனசார அதை நல்லது என்று நினைத்துத்தான் சொன்னான். அவள் பின்பாதியில் கிடந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளைய நெஞ்சுல போட்டுல்லா தூங்குனிய. என்னைய மேல ஏத்திட்டு."

"அது ஒன்னையத் தேடி அழுதுச்சு."

தொழிலுக்காக அவன் பொய் சொன்னதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம். மாலாவில் அடைத்ததையும் விட்டுவிடலாம். அந்த டம்ளர் தண்ணீரைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. ஏணியில் நின்று அவன் நீட்டிய தண்ணீருக்கு எத்தனை நாள் மனசுக்குள் கும்பிடு போட்டிருக்கிறாள்! கண்ணைத் துடைத்து விரலைப் பார்த்தாள். கண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. இன்றைக்கு அவளுடைய நாள் இல்லை.

*

மறுநாள் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூக்கையும் வாயையும் முந்தானையால் மூடி, தெரு நடுவே நடந்தாள். இசக்கிப்பாண்டி பின்னால் வந்தான். வரமாட்டேன் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. கோழிக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஊர்ல இருந்து எப்பம்மா வந்தே?" என்றார்.

"போகவே இல்லண்ணே" என்றாள்.

நஜ்முன்னிசா எல்லாவற்றையும் கேட்டாள். அவனைத் திட்ட வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் டப்பாவ வீட்டுக்குக் குடுத்து விட்டேன்" என்றாள். "கொடுக்கும்போதே மனசு கேக்கல. ஒருத்தன் நின்னு பாக்க வேண்டிய வேலை. அவன வீட்டுக்கு அனுப்பிட்டு, மெஷின் இருக்கே போதும்னானுவ."

"எனக்கு இருந்துச்சான்னு இப்ப பாத்துச் சொல்லுதியளாக்கா?"

"எப்படிச் சொல்ல? பாதி மருந்து தின்ன ஒடம்பு. இல்லைன்னு வந்தா மருந்தால போச்சோ, மொதல்லயே இல்லியோ? எக்ஸ்ரே எடுப்பாங்க, டாக்டர் பாத்து ஒரு முடிவு சொல்லுவாரு. ஆனா அன்னைக்கு அந்த டப்பாவுல இருந்தது என்னன்னு இனிமே ஒரு மெஷினும் சொல்லாது." பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இவள இன்னைக்கே சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். சின்னப் பிள்ளைக்கு நம்ம டப்பா ஆகாது. சளியத் துப்பத் தெரியாது அதுக்கு."

"அவுகளுக்கு?"

"மொதல்ல அவருக்குத்தான் பாக்கணும். பாதிப் பாதியாத் தின்னா கிருமி மருந்துக்குப் பழகிரும். இப்ப மருந்து கேக்குதா இல்லியான்னு தெரியணும். கொஞ்சம்தான் சரக்கு கெடக்கு, அடுத்தது எப்ப வரும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்." எழுந்து ஒரு புது டப்பாவை எடுத்தாள். அதில் பேர் எழுதவில்லை. முற்றத்தைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள்.

"நான் நிக்கேன்க்கா" என்றாள் கனகவள்ளி.

பிள்ளையை உள்ளே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். ஹமீது நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை கொஞ்சம் தேய்ந்து பளபளத்தது. காற்று வருகிற பக்கம் பார்த்து அங்கேயே நின்றாள். இசக்கிப்பாண்டி டப்பாவை வாங்கிக்கொண்டு தயங்கினான்.

"அங்கன திரும்பி நில்லுளா."

"திரும்ப மாட்டேன்."

அவன் துப்பினான். அவள் எட்டிப் பார்த்தாள். நுரைத்த எச்சில்.

"இது வேண்டாம். வயித்துல இருந்து."

அவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு இருமினான். தோள் குலுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது. இவ்வளவு நாளும் எண்ணெய்ப் புகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த இருமல் அத்தனையும் வெளியே வந்தது. எலும்பெடுத்த அந்த முதுகை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவமாக இருந்தது. பாவமாக இருந்தது என்பதற்காகக் கண்ணை எடுக்கவில்லை. மூடியை அவளே திருகி இறுக்கினாள். டப்பாவை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள்.

நஜ்முன்னிசா பேனாவை எடுத்தாள். அவளுக்குத் தெரியாத பேர் இல்லை. ஆனாலும் காத்திருந்தாள். பார்த்தவள்தானே சொல்ல வேண்டும்.

"பேரு?"

"இசக்கிப்பாண்டி" என்றாள் கனகவள்ளி. முற்றம் முழுக்கக் கேட்டது.

கூப்பிடுகிறாளோ என்று அவன் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். அவள் அவனைக் கூப்பிடவில்லை.